செவலைக்கு ஒரு தீபாவளிச் சட்டை

தீபாவளிக்குத் தெருவில் பாதிப் பேருக்குப் புதுத்துணி தைத்துக் கொடுப்பவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருஷமாக ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் மிஷினை விட்டு எழுந்ததில்லை. அப்படிப்பட்டவள் 1,650 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் ஒரு ரெடிமேட் சட்டை வாங்கினேன், அதுவும் நாய்க்கு. மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வெடிக்கும் இடிக்கும் பயந்து நடுங்கும் நாய்களுக்கு மாட்டிவிடுகிற இறுக்கச் சட்டை அது. கைக்குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றினால் அழுகை அடங்குகிற மாதிரி, நெஞ்சையும் வயிற்றையும் ஒரே சீராக அணைத்துப் பிடித்தால் நாயின் பதற்றம் குறையும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். இரண்டு தீபாவளி, இரண்டு கார்த்திகை, கணக்கில்லாத வேட்டுச் சத்தம் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் இருந்த வேறு இரண்டு மூன்று சட்டைகளையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே வெட்டு. குறையும் ஒரே குறை.

முதலில் செவலையைப் பற்றி. சிப்பிப்பாறைக் கலப்பு, ஆண், ஐந்து வயசு, 18 கிலோ. எங்கள் கரிசல் பக்கத்து வேட்டை நாய். முயல் கண்ணில் பட்டால் கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு போவான். ஆனால் ஒரு லட்சுமி வெடி போதும், குளியலறையில் வாளிக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடுவான். இத்தனைக்கும் என் பவர் மிஷினுக்குக் கீழே படுத்து வளர்ந்தவன். மணிக்கணக்கில் ஓடும் அந்தச் சத்தம் அவனுக்குத் தாலாட்டு. எப்போது வரும் என்று தெரியாமல் திடீரென்று வெடித்து நிற்கிற சத்தம்தான் ஆகாது.

சட்டை வாங்குவதற்கு முந்தின வருஷம், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், யாரோ எங்கள் கேட்டுக்கு வெளியே ஓர் அணுகுண்டைப் பற்றவைத்துவிட்டார்கள். ஐந்தடிச் சுவர். ஒரே தாவு. மூன்றாம் நாள் கண்மாய்க் கரையில் கருவேலம் புதருக்குள் கிடந்தவனை ஆடு மேய்க்கிறவர் பார்த்துவிட்டு போன் செய்தார். கழுத்துப் பட்டையில் மார்க்கர் பேனாவால் என் நம்பரை எழுதி வைத்திருந்தேன், அதனால் கிடைத்தான். நான்கு பாதமும் தேய்ந்து ரத்தம். அந்தத் தீபாவளிக்கு நான் தைத்த துணி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. இதைப் படிக்கும் யாராவது வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, பட்டையில் நம்பரை மட்டும் எழுதிவிடுங்கள்.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

பெட்டியைப் பிரித்ததும் கை தானாகத் துணியைத்தான் தடவியது. பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்த நெகிழும் துணி. இரண்டு பக்கமும் இழுபடுகிறது, விட்டால் திரும்புகிறது. துணியில் குறையில்லை. தையலில் இருக்கிறது. இப்படி இழுபடும் துணியில் சாதாரண நேர்த்தையல் போட்டால் துணி விரியும், நூல் விரியாது, தெறித்துவிடும். ஓவர்லாக் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஜிக்ஜாக்காவது போட வேண்டும். இவர்கள் முதுகு மடிப்பில் ஓவர்லாக் அடித்துவிட்டு, முன்னங்கால் நுழையும் வளைவில் நேர்த்தையல் போட்டிருந்தார்கள். மூன்றாவது தடவை மாட்டும்போதே அங்கே நூல் தெறித்தது. என் கடையில் ஒரு ரவிக்கை அப்படிப் போயிருந்தால் அந்த அம்மா வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பார்.

அடுத்தது அளவு. எடையை வைத்து ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். எடையை வைத்து யாராவது சட்டை தைப்பார்களா? 18 கிலோவில் குட்டையான, உருண்டையான நாயும் உண்டு, செவலை மாதிரி நாயும் உண்டு. சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி மேலே ஏறியிருக்கும். செவலையின் மார்பு 27 அங்குலம், வயிறு ஒடுங்கும் இடம் 19. அட்டவணைப்படி வந்த மீடியம் மார்பில் சரியாக உட்கார்ந்தது, வயிற்றில் தொளதொள. நாலு எட்டு நடந்ததும் சட்டை பாவாடை மாதிரி பின்னால் சரிந்தது. வயிற்றில் பிடிக்காத சட்டை வெறும் துணிதான், அதை இறுக்கச் சட்டை என்று சொல்ல முடியாது. ராஜபாளையம், கன்னி, கோம்பை வைத்திருக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். லேப்ரடாரை நிறுத்தி அளவெடுத்த சட்டை நம்மூர் நாய்க்கு அப்படியே பொருந்தாது. இரண்டு பக்கமும் டாட் பிடித்த பிறகுதான், அதாவது தொளதொளத்த துணியை மடித்துத் தைத்த பிறகுதான், என் சட்டை சட்டையானது. தையல் தெரியாதவர்கள் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்தால் ஐம்பது, நூறு ரூபாயில் முடியும். டாட் பிடித்த பிறகும் துணிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதுதான் கணக்கு.

எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது வெல்க்ரோவால். சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கென்று ஒரு சட்டை செய்துவிட்டு, அதைக் கழற்ற சர்ர்ரென்று கிழிகிற மாதிரி சத்தம் போடும் பட்டையை, அதுவும் காதுக்குப் பக்கத்திலேயே இரண்டு வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பிரித்தபோது செவலை என் கையை விட்டுத் துள்ளிக் கட்டிலுக்கடியில் போய்விட்டான். இதை வடிவமைத்தவர் வீட்டில் நாய் இருந்ததா என்று கேட்கத் தோன்றியது.

இனி, வேலை செய்ததா என்ற கேள்வி. முதல் தீபாவளியில் நான் ஏமாந்த கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

தையல் அவசரத்தில் சட்டையை முன்கூட்டிப் போட்டுப் பழக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் முதல் வெடி கேட்டதும் ஓடிப்போய் மாட்டினேன். மாட்டிய நிமிஷம் செவலை நின்றுவிட்டான். நடுக்கம் இல்லை, ஓட்டம் இல்லை, குரைப்பு இல்லை. சிலை மாதிரி நின்றான். ஆஹா, 1,650 ரூபாய் வீண் போகவில்லை என்று சந்தோஷப்பட்டு வீடியோ எடுத்தேன். மகளுக்கு அனுப்பினேன். ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரு பாராட்டும் எழுதிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் அந்த வீடியோவைப் பெருமையாகக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இது அமைதி இல்லம்மா. உறைஞ்சு போய் நிக்கிறான். கண்ணைப் பாருங்க, வெள்ளை எவ்வளவு தெரியுது. காது பின்னால ஒட்டியிருக்கு, வால் வயித்துக்குள்ள இருக்கு. அந்த நேரத்துல ஏதாவது தின்னக் கொடுத்தீங்களா?"

"கோழி ஈரல் கொடுத்தேன், தொடலை."

"ஈரலைத் தொடாத நாய் நிம்மதியா இருக்குன்னு சொல்றீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அந்த ஐந்து நட்சத்திரத்தைக் கழற்றினேன். ஆன்லைனில் இந்தச் சட்டைகளுக்குக் குவிந்திருக்கும் பாராட்டுகளைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது, என்னைப் போல எத்தனை பேர் உறைந்து நின்ற நாயைப் பார்த்து மகிழ்ந்துபோய் எழுதினார்களோ என்று. அதற்காக எல்லாமே பொய் என்று சொல்லவும் மாட்டேன். சட்டை போட்டு நாய்களைச் சோதித்த சில சிறிய ஆய்வுகளில் இதயத் துடிப்பு ஏறுவது குறைந்திருக்கிறது. ஆனால் எல்லா நாய்க்கும் அப்படி இல்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். உதவலாம், உதவாமலும் போகலாம், கெடுதல் இல்லை, ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள் என்றார்.

இரண்டாவது தீபாவளிக்கு ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுநாளே தொடங்கினேன். தெரு அமைதியாக இருக்கும் மதிய நேரத்தில் சட்டையை மாட்டுவது, ஒரு துண்டு ஈரல் கொடுப்பது, ஐந்து நிமிஷத்தில் கழற்றுவது. அப்புறம் பத்து நிமிஷம், அரை மணி. வெடிக்கும்போது மட்டும் போட்டால் சட்டையைப் பார்த்தாலே வெடி வரப்போகிறது என்று நாய் கணக்குப் போட்டுவிடும். சும்மா இருக்கும்போது போட்டுப் பழக்கினால்தான் ஈரல் ஞாபகம் வரும். (பால்கோவா கொடுத்துப் பழக்கலாமா என்று மகள் கேட்டாள். ஊர்ப் பெருமை எல்லாம் சரிதான், நாய்க்கு அவ்வளவு சர்க்கரை வேண்டாம்.)

கூடவே செல்போனில் பட்டாசுச் சத்தத்தை, எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குக் குறைத்து வைத்து, சத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு புள்ளி சத்தம் கூட்டினேன். காதை மடக்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் இரண்டு புள்ளி கீழே இறங்கித் தொடங்க வேண்டும். இரண்டரை மாதத்தில் போன் சத்தத்துக்கு நன்றாகப் பழகிவிட்டான். நிஜ வெடிக்குப் பாதிதான் பழகினான். போன் ஸ்பீக்கரில் தரை அதிராது, புகை வாசமும் வராது. இருந்தாலும் அந்தப் பாதியே எனக்குப் பெரிசு.

டாக்டரம்மா மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். டிராசோடோன், காபாபென்டின் என்று இதற்குக் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது நாயைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது, அதனால் அளவு எழுதமாட்டேன். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சாதாரண நாளில் ஒரு வேளை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம். செவலை கொஞ்சம் தள்ளாடினான், நன்றாகத் தூங்கினான், அவ்வளவுதான். வெடிக்க ஆரம்பிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பிரயோஜனம் குறைவு. அசிப்ரோமசின் என்ற பழைய மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைத் தொடாது. வெளியே பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கும், உள்ளே நாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். என் வீடியோ ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. மனிதர்களுக்கான மருந்தை நாமாகக் கொடுக்கவும் கூடாது. சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம்.

பயந்த நாயைக் கொஞ்சினால் பயம் கூடும் என்று எங்கள் அம்மா சொல்வார், தெருவே சொல்லும். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நீங்க பயந்திருக்கும்போது யாராவது கையைப் பிடிச்சா பயம் கூடுமா?" என்றார். அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

தமிழ்நாட்டில் 2018லிருந்து தீபாவளியன்று காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 மட்டும்தான் வெடிக்கலாம் என்று அரசு நேரம் குறித்திருக்கிறது. எங்கள் தெருக் கடிகாரம் வேறு. எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு நாலு மணிக்கே முதல் சரம் வெடித்துவிடும். இதற்காகத் தெருவோடு சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. சிவகாசி பக்கத்து ஊர். எதிர்வீட்டு அண்ணன் இருபது வருஷமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறார். எனக்கு ரவிக்கை கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கூலிதான் சோறு. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, பசுமைப் பட்டாசும் வந்துவிட்டது. செவலைக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரிந்ததாகத் தெரியவில்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகளுக்காக ஊரே வெடிப்பதில்லை. அங்கே தையல்காரி தேவைப்பட்டால் யாராவது சொல்லுங்கள், செவலையோடு வந்துவிடுகிறேன்.

எதிர்வீட்டுப் பையனிடம் மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பெரிய சரம் வைக்கும் முன்னால் ஒரு குரல் கொடுத்தால் அவன் தங்கச்சிக்குப் பட்டுப்பாவாடை இலவசம். பையன் வாக்குத் தவறவில்லை. "அத்தை, பத்தாயிரம் வாலா! கதவைச் சாத்துங்க!"

தீபாவளியன்று விடியற்காலை மூன்றரைக்கே செவலையை வெளியே கூட்டிப்போய், கழுத்துப்பட்டை, நெஞ்சுப்பட்டை இரண்டிலும் கயிறு போட்டு, ஒன்றுக்குப் போக வைத்துவிட்டேன். மாத்திரை முன்பே கொடுத்தாகிவிட்டது. கடையை ஒட்டிய ஸ்டோர் ரூமுக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதில் மூன்று மூட்டை வெட்டுத்துணியை அடைத்து மேலே பழைய மெத்தையைச் சாய்த்திருந்தேன். ஆறு மாசம் சேர்ந்த ரவிக்கைத் துண்டு, லைனிங் துண்டு எல்லாம் சத்தத்தைக் குடிக்கும், ஜன்னல் வெளிச்சத்தையும் மறைக்கும். சட்டையை மாட்டினேன். பழைய கால் மிஷினை அந்த ரூமுக்குள் நகர்த்திப் போட்டு, ஊசியில் நூல் கோர்க்காமல் சும்மா மிதித்துக்கொண்டே இருந்தேன். தடதடவென்று ஒரே சீராக. செவலை என் காலுக்கும் மிதிபலகைக்கும் நடுவே வந்து படுத்தான். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் சட்டைக்குள் அவன் விலா ஒரு தடவை இழுத்துக்கொள்ளும், அப்புறம் இறங்கும். ஐந்து மணி வாக்கில் ஒரு துண்டு ஈரலை நீட்டினேன். முகர்ந்தான். கொஞ்சம் யோசித்தான். தின்றான். நான் குளிக்காத தலையோடு தீபாவளி கொண்டாடியது அன்றைக்குத்தான், நல்ல தீபாவளி.

அதில் சட்டையின் பங்கு எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மாத்திரை, துணி மூட்டை, மிஷின் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் காப்பாற்றியது. தீபாவளிக்கென்று மட்டும் வாங்குவதாக இருந்தால் அந்தப் பணத்தை முதலில் டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுங்கள் என்பேன்.

ஆனால் தீபாவளி காலண்டரில் இருக்கிறது, தேதி தெரியும். எங்கள் ஊரில் தேதி தெரியாத வேட்டுதான் அதிகம். சாவு ஊர்வலம், தாய்மாமன் சீர், கட்சிக்காரர் வருகை, எவனாவது தேர்தலில் ஜெயிப்பது. இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுக்க முடியாது. மேளம் தெருமுனையில் கேட்டால் கையில் இருப்பது இரண்டு நிமிஷம்தான். அங்கேதான் இந்தச் சட்டை தன் விலைக்கு வேலை செய்கிறது. பழகிய நாய்க்கு அரை நிமிஷத்தில் மாட்டிவிடலாம். நடுக்கம் முழுசாக நிற்காது, ஆனால் வாளிக்குப் பின்னால் ஓடுவதில்லை. என் பக்கத்தில் நிற்கிறான், சத்தம் போனதும் பத்து நிமிஷத்தில் உடம்பை உதறிவிட்டுப் பழைய ஆளாகிவிடுகிறான். முன்பெல்லாம் அன்றைய பொழுதே போய்விடும். ஒரேயடியாகப் போட்டே வைக்காதீர்கள். கக்கத்தில் ஓரம் உரசி முடி கொட்டும், நம்மூர் வெயிலுக்குத் துணியும் சூடு. சட்டையோடு தனியாக விட்டுவிட்டு வெளியே போகவும் வேண்டாம்.

கம்பெனிச் சட்டையை இப்போது பரணில் போட்டுவிட்டேன். திருப்பூர் பனியன் துணியில், லைக்ரா கலந்ததாகப் பார்த்து வாங்கி, செவலை அளவுக்கு நானே ஒன்று தைத்தேன். வெல்க்ரோவுக்குப் பதில் பக்கவாட்டில் அகலமான நாடா, சத்தமே இல்லை. துணிச் செலவு 180 ரூபாய். அதைப் பார்த்துவிட்டு ஒரு பொமரேனியனும் ஒரு லேப்ரடாரும் அளவு கொடுக்க வந்தார்கள். லேப்ரடார் டேப்பைத் தின்றுவிட்டது. தைக்கத் தெரியாதவர்களும் பழைய பருத்தித் துப்பட்டாவை நெஞ்சில் போட்டு, முதுகில் குறுக்காகக் கடத்தி, வயிற்றைச் சுற்றி மேலே முடிச்சுப் போட்டு முதலில் சோதித்துப் பார்க்கலாம். முடிச்சு முதுகெலும்பின் மேல் உட்காராமல் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு உங்கள் நாய் கொஞ்சமாவது இளகினால் அப்புறம் காசு கொடுத்துச் சட்டை வாங்குங்கள்.

வாங்கிய சட்டைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. துணிக்கு ஒன்று, எண்ணத்துக்கு ஒன்றரை. தையலுக்கும் வெல்க்ரோவுக்கும் பூஜ்யம்.

போன வாரம் கீழத்தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். தொண்ணூறு தாண்டியவர், கல்யாணச் சாவு, வேட்டுக்குக் கேட்க வேண்டுமா. நான் ஒரு பட்டு ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் வேட்டு தூரத்தில் கேட்டதும் மிஷினுக்குக் கீழே இருந்த செவலை எழுந்தான். குளியலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான், நின்றான், திரும்பினான். சுவரில் அவன் சட்டை தொங்கும் ஆணிக்குக் கீழே போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தான். ஈரல் டப்பாவும் அதே ஆணிக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கிறது, எதற்காக நின்றான் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். கையில் இருந்த ரவிக்கையைக் கீழே வைத்துவிட்டு நாடாவை அவிழ்த்தேன்.